கைக்கணினியும் கணக்கும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ள சிற்றூர் கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டத்து முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் மாந்தோப்புகள் வரும். நாட்டின் பிற பகுதிகளில் மாமரம் பூத்து நிற்கும் காலத்திலேயே இவ்வட்டாரத்துக் காய்கள் சந்தைக்குப் புறப்பட்டுவிடும். அக்காய்களைப் பறிப்போரிலும், தரம் பிரிப்போரிலும், பெட்டியில் அடுக்கிச் சுமப்போரிலும் நம் தமிழ் மக்கள் பலர்.

சென்ற மாங்காய்ப் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் அவ்வூரில் ஒரு நண்பரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் தோப்பில் சுமை ஏற்றும் தொழிலாளி. மகள் ஏழாம் வகுப்பு மாணவி. கணக்கில் பின்தங்கியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, மாதத் தவணையில் அவளுக்கு ஒரு கைக்கணினி வாங்கிக் கொடுத்திருந்தார். மக்கள் ‘டேப்’ என்று வழங்குகின்றார்களே, அதே கருவிதான்.

“ஏனுங்க, இதை வாங்கிக் கொடுத்தால் கணக்கு தானாக வந்துவிடும் என்று சொன்னார்கள். ஆறு மாதத் தவணை கட்டிவிட்டேன். பள்ளியில் மதிப்பெண் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் கொஞ்சம் பாருங்கள்” என்றார் அவர்.

நாம் அச்சிறுமியின் அருகில் அமர்ந்து பார்த்தோம். திரையில் ஒரு வினா தோன்றியது. அதன்கீழ் நான்கு விடைகள். அவள் முதலாவதைத் தொட்டாள். சிவப்புக் குறி வந்தது. இரண்டாவதைத் தொட்டாள். மீண்டும் சிவப்பு. மூன்றாவதைத் தொட்டதும் பச்சைக் குறியும் கைதட்டல் ஒலியும் எழுந்தன. உடனே அடுத்த வினாவிற்குப் போய்விட்டாள். வினாவை அவள் படிக்கவே இல்லை. ஏனம்மா இப்படி என்று கேட்டோம். “நாலில் ஒன்று சரியாகத்தானே இருக்கும், மாமா?” என்று சிரித்தாள்.

அந்த வினாக்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. யாவும் ஏழாம் வகுப்பிற்கு உரியவை. 432ஐ 18ஆல் வகுத்தால் ஈவு யாது என்பது அவற்றுள் ஒன்று. ஈவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பொருள் அவளுக்குத் தெரியவில்லை. தாளில் அதே கணக்கைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். வகுத்தல் கோட்டை வரைந்துவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வேறு விதமாகக் கேட்டோம். “தோப்பில் 432 கிலோ காய் இருக்கிறது. பெட்டிக்கு 18 கிலோ. எத்தனை பெட்டி வேண்டும்?” அவள் மேலே பார்த்தாள். “பத்துப் பெட்டிக்கு 180. இருபதுக்கு 360. மீதி 72. அது நாலு பெட்டி. இருபத்துநாலு!” என்றாள். பேனாவைத் தொடவே இல்லை.

விடுமுறை நாள்களில் தாயுடன் தோப்பிற்குச் சென்று பெட்டிக்கணக்குப் பார்த்துப் பழகியவள் அவள். தோப்பில் வகுக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பள்ளியில் வகுக்க வரவில்லை. ஆறு மாதத் தவணை கட்டி வாங்கிய கருவியோ, அவளுக்கு வகுக்கத் தெரியும் என்பதையும் அறியவில்லை; எங்கே இடறுகிறாள் என்பதையும் அறியவில்லை.

இதை நாம் இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தில், வறிய குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குப் பயிலக் கைக்கணினிகள் வாங்கிக் கொடுக்கலாம் என்றொரு யோசனை எழுந்தது. ஆளுக்கொன்று வாங்கவேண்டும் என்றனர் சிலர். வீண்செலவு என்றனர் சிலர். இரு சாராரும் நல்லெண்ணத்துடனேயே பேசினர். சங்கத்தின் பணம் அங்கத்தினரின் வியர்வை. ஆகவே முடிவெடுக்கும் முன்னர், பிற இடங்களில் செய்து பார்த்தவர்கள் கண்டதென்ன என்பதை அறிவது நம் கடமையாகும்.

முதலில், அச்சிறுமியின் நிலை அவளுக்கு மட்டும் உரியதன்று. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ ஆகியோரும் அவர்தம் துணைவரும் கல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை ஆராய்ந்து 2025இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வாடிக்கையாளரிடம் மனக்கணக்காகவே விலை கூறி மீதிச் சில்லறையும் சரியாகக் கொடுத்த அப்பிள்ளைகள், அதே அளவான கணக்கைப் பாடநூல் முறையில் கொடுத்தபோது திணறினர். பள்ளிக்கு மட்டும் சென்ற பிள்ளைகளோ, பாடநூற் கணக்கை ஓரளவு செய்தனர். சந்தைக் கணக்கில் தடுமாறினர். இரண்டிற்கும் இடையே பாலம் இல்லை என்பதே அவ்வாய்வின் சாரம். அப்பாலத்தைக் கைக்கணினி கட்டித் தருமா என்பதே நம் முன் உள்ள வினா.

கருவியை மட்டும் கொடுத்துவிட்டால் போதும் என்று நம்பியவர்கள் உலகில் பலர். தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில், ஏழைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி வழங்கும் திட்டம் பெருஞ்செலவில் நடைபெற்றது. 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்தவர்கள் 2012இல் முடிவை வெளியிட்டனர். கணினிகள் பெருகின; ஆனால் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி உயரவில்லை. நம் நாட்டிலும் 2011ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஆகாஷ்’ என்ற மலிவுக் கைக்கணினி பெருத்த ஆரவாரத்துடன் தில்லியில் வெளியிடப்பட்டது. அதன் திரையும் மின்கலமும் குறைகூறப்பட்டன. சில ஆண்டுகளில் அதன் பேச்சே அடங்கிற்று.

ஆயினும் இதுகொண்டு கருவியே வீண் என முடிவு கட்டுதல் தகாது. குஜராத்திலுள்ள வடோதரா நகரில் 2002ஆம் ஆண்டிலிருந்து நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடையே ஒரு சோதனை நடந்தது. கணினி ஒன்றுக்கு இரு பிள்ளைகள். வாரத்திற்கு இரண்டே மணி நேரம். கணக்கு விளையாட்டுகள் மட்டும். பிள்ளைகளின் கணக்குத் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது. பயிற்சி நின்று ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்த உயர்வில் பெரும்பகுதி தேய்ந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தொடர்ந்து பயிலாத கணக்கு தங்காது போலும்.

அதே குஜராத்தில் ஞானசாலா என்ற அமைப்பின் பள்ளிகளில் நடந்த மற்றொரு சோதனை நமக்கு மிகவும் முக்கியமானது. அதன் முடிவு 2008இல் வெளிவந்தது. சில பள்ளிகளில் ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தனர். வேறு சிலவற்றில் பாட நேரத்தைத் தொடாமல், பள்ளி நேரத்திற்குப் புறம்பே கணினிப் பயிற்சி அளித்தனர். முதல் வகையில் பிள்ளைகள் முன்னைவிடக் குறைவாகவே கற்றனர். இரண்டாம் வகையில் பயன் இருந்தது. ஆசிரியரின் இடத்தில் கணினியை அமர்த்தியபோது நட்டம். ஆசிரியருக்குத் துணையாக வைத்தபோது இலாபம்.

தில்லியில் நடந்த சோதனையோ இன்னும் விரிவானது. கார்த்திக் முரளிதரன் என்ற பொருளியல் அறிஞரும் அவர் துணைவர்களும் நடத்திய அவ்வாய்வு 2019இல் வெளிவந்தது. குறைந்த வருவாயுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளி முடிந்தபின் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற பயிற்சி நிலையங்களுக்கு வந்தனர். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம். அதில் பாதி நேரம் கணினியில் பயிற்சி. மறுபாதி ஓர் ஆசிரியத் துணைவரிடம் சிறு குழுவாக அமர்ந்து கற்றல். சேரவேண்டிய பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தமையால், சேர்ந்தவரையும் சேராதவரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. நாலரை மாதத்திற்குப்பின், சேர்ந்தவர்கள் கணக்கில் பெற்ற முன்னேற்றம் சேராதவர்கள் பெற்றதைப்போல் இருமடங்குக்கு மேல் இருந்தது.

இதற்குக் காரணம் யாது? தொடக்கத் தேர்வில், ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கி இருப்பது தெரியவந்தது. ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கிறான். அறிவதோ நான்காம் வகுப்பை எட்டவில்லை. ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார். அது அவன் தலைக்குமேல் பறந்துபோகிறது. நாற்பது பிள்ளைகள் நாற்பது படிகளில் நிற்கும்போது ஓர் ஆசிரியர் என்ன செய்வார்? அக்கணினியோ ஒவ்வொரு பிள்ளையின் விடைகளையும் பார்த்து, அது நிற்கும் படியைக் கண்டு, அங்கிருந்தே தொடங்கியது. நான்காம் வகுப்புக் கணக்குத் தெரியாதவனுக்கு நான்காம் வகுப்புக் கணக்கையே கொடுத்தது. கோவிந்தாபுரத்துச் சிறுமியின் கருவியில் இல்லாது போனது இதுவே.

பெற்றோர் கவனிக்கவேண்டிய இன்னொரு செய்தியும் அவ்வாய்வில் உண்டு. பிள்ளைகளின் கணக்கறிவு வளர்ந்தும், பள்ளித் தேர்வின் கணக்கு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. பள்ளித் தேர்வு வகுப்பிற்குரிய பாடத்தைக் கேட்கிறது. பிள்ளையோ கீழ்ப்படியிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. இடையிலுள்ள படிகளைக் கடக்கும்வரை மதிப்பெண் அசையாது. ஆகவே இரண்டு மாதத்தில் மதிப்பெண் ஏறவில்லையே என்று பிள்ளையைக் கடிந்து கொள்ளுதல் கூடாது.

படியறிந்து கற்பிக்கும் முறை நம் மாநிலங்களுக்கும் புதிதன்று. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்துப் பயிற்சி அளிக்கின்றனர். 2024இல் அம்மாநில அரசு ஏறத்தாழ 80,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்க முற்பட்டது. பிள்ளைகள் கையில் அன்று, ஆசிரியர் கையில் கொடுத்தார்கள் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

கேரளத்திலோ வேறு வழி. 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ், 4,752 பள்ளிகளில் எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் வழங்கப்பட்டன. கணக்கு ஆசிரியர்கள் ‘ஜியோஜிப்ரா’ என்ற இலவச மென்பொருளைக் கையாளப் பயிற்றுவிக்கப்பட்டனர். மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001இல் ஆஸ்திரியாவில் உருவாக்கியது அது. ஆசிரியர் திரையில் ஒரு முக்கோணத்தை வரைந்து அதன் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறார். மூன்று கோணங்களும் கூடியும் குறைந்தும் மாறுகின்றன. கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையாகவே நிற்கிறது. கரும்பலகையில் நூறு முக்கோணம் வரைந்தாலும் காட்ட இயலாததை ஒரு நொடியில் வகுப்பு முழுவதும் காண்கிறது. ஒரே கருவி, நாற்பது கண்கள், பக்கத்தில் ஆசிரியர். இதுவும் நல்ல முறையே.

இனி, எல்லைப்புறத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அது மொழி. நம் பிள்ளைகளுள் சிலர் தமிழ்வழியிலும், சிலர் மலையாள வழியிலும், சிலர் ஆங்கில வழியிலும் பயில்கின்றனர். வீட்டில் நாம் பெருக்கல் என்கிறோம். மலையாள வகுப்பில் அது குணனம். நாம் வகுத்தல் என்கிறோம். அங்கே அது ஹரணம். நம் வட்டி அங்கே பலிச. நம் மீச்சிறு பொது மடங்கு அங்கே ல.சா.கு. எனச் சுருங்கி நிற்கிறது. தாய் ‘வகுத்துப் பார்’ என்றால் பிள்ளை விழிக்கிறது. ஆசிரியர் ‘ஹரிக்க’ என்றால் தாய் விழிக்கிறாள். இரு மொழிகளும் உடன்பிறந்தவை ஆதலால் பாதிச் சுமை இல்லை என்பதும் உண்மை. சுற்றளவு, பரப்பளவு, கோணம் ஆகியவை இரண்டிலும் ஒன்றே. இச்சொற்களை இருபக்கமாக எழுதிச் சுவரில் ஒட்டினாலே வீட்டில் கணக்குச் சொல்லிக் கொடுப்பது எளிதாகும். இதற்கு மின்சாரமும் வேண்டா, தவணையும் வேண்டா.

இவ்விரண்டோடு மூன்றாவதாக ஆங்கிலத்தில் மட்டும் பேசும் கருவியைப் பிள்ளையின் கையில் கொடுத்தால், அது கணக்கைக் கற்கிறதா, மொழியோடு மல்லுக்கு நிற்கிறதா என்று நமக்கே தெரியாது போய்விடும். தமிழில் பாடங்கள் இல்லாமலில்லை. கேரள அரசு கணக்குப் பாடநூலைத் தமிழிலும் வெளியிடுகிறது. அது இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூ.ஆர். குறிகள் அச்சிடப்பட்டுள்ளன; அவற்றின் வழியே தமிழில் விளக்கப்படங்களைக் காணலாம். பாடத்திட்டம் மாறலாம், வகுத்தல் எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒன்றுதான்.

தென்னாட்டில் ஒரு பழைய செய்தி உண்டு. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தி, முன்னேறிய பிள்ளையைக் கொண்டே பின்தங்கிய பிள்ளைக்குக் கற்பித்தார். 1797இல் இதுபற்றி அவர் எழுதி வெளியிட, ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து நாட்டுப் பள்ளிகளுக்கும் பரவிற்று. மணல் விலையில்லாப் பொருள். ஆனால் அதனருகே தெரிந்த பிள்ளை ஒன்று எப்போதும் அமர்ந்திருந்தது. நாம் இன்று வாங்க எண்ணும் கருவி விலையுயர்ந்தது. அதனருகே அமர ஆள் உண்டா என்பதையே முதலில் பார்க்கவேண்டும்.

நாம் இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிகிறோம். எங்கள் அலுவலகத்திலும் கணிப்பொறியே கூட்டிக் கழிக்கிறது. ஆனால் ஓர் எண்ணைத் தவறாகப் பதிந்துவிட்டால் அதுவும் தவறான தொகையையே கூசாமல் காட்டும். ‘இவ்வளவு வர இயலாதே’ என்று ஐயுறுபவன் மனக்கணக்குத் தெரிந்தவனே. நம் பிள்ளைகள் அந்த ஐயத்தைக் கொள்ளக் கற்கவேண்டும். நாலில் ஒன்றைத் தொட்டுப் பச்சைக் குறி பெறுவதால் அது வாராது.

ஆகவே சங்கத்தார் ஆராய நாம் ஒரு கணக்கைச் சமர்ப்பிக்கின்றோம். பிள்ளைகள் முப்பதுபேர் எனவும், கருவி ஒன்று 10,000 ரூபாய் எனவும் கொள்வோம். ஆளுக்கொன்று வாங்கினால் 3,00,000 ரூபாய். அதற்குமேல் ஆசிரியருக்குப் பணமில்லை. அன்றி, மாலைநேர வகுப்பொன்றை அமைத்து, பத்துப் பத்துப் பேராக மூன்று பிரிவாய் வரச்செய்து, இருவருக்கு ஒரு கருவி கொடுத்தால் ஐந்து கருவிகளே போதும். அதற்கு 50,000 ரூபாய். எஞ்சிய 2,50,000 ரூபாயில், கணக்கு நன்கறிந்த ஒருவருக்கு மாதம் 5,000 வீதம் 50 மாதங்களுக்கு ஊதியம் தரலாம். நான்கு ஆண்டுகளுக்கு மேல் வகுப்பு நடக்கும்.

வாங்குமுன் கேட்கவேண்டியவை சில உண்டு. பாடம் தமிழிலோ, பிள்ளை பள்ளியில் பயிலும் மொழியிலோ உள்ளதா? பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்குமா, வகுப்பைப் பார்த்தே தொடங்குமா? ஊகித்துத் தொட்டால் அடுத்ததற்கு விடுமா, வழியைக் காட்டித் திரும்பச் செய்யச் சொல்லுமா? இணையம் இல்லாதபோதும் இயங்குமா? பழுதானால் யார் பார்ப்பார்? இவற்றிற்கு விடை கிடைத்தபின், தொடக்கத்தில் ஒரு தேர்வும் நான்கு மாதம் கழித்து ஒரு தேர்வும் தாளில் நடத்திப் பார்க்கவேண்டும். உயர்வு இல்லையெனில் முறையை மாற்ற வெட்கப்படலாகாது.

வீட்டில் ஏற்கெனவே கருவி வாங்கிவிட்ட பெற்றோர்க்கு ஒரு சொல். படிப்பறிவு இல்லையே எனத் தயங்கவேண்டா. நாளுக்கு அரைமணி நேரம் அருகில் அமருங்கள். ஒவ்வொரு விடைக்கும் ‘எப்படி வந்தது, சொல்’ என்று மட்டும் கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் கணக்கு வந்துவிட்டது. தெரியாவிட்டால் அது ஊகம்.

அன்று மாலை நாம் புறப்படுமுன், அச்சிறுமி வாய்மொழியாகச் சொன்ன பெட்டிக்கணக்கை அவள் சொன்ன வரிசையிலேயே தாளில் எழுதிக் காட்டினோம். பத்துப் பெட்டி, இருபது பெட்டி, மீதி, நாலு பெட்டி. அதன் பக்கத்தில் பாடநூல் முறையை எழுதினோம். நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு 600ஐ 24ஆல் வகுக்கச் சொன்னோம். மெல்ல எழுதி 25 என்றாள். அடுத்துக் கொடுத்த பின்னக் கணக்கைத் தவறாகவே செய்தாள். அதற்கு இன்னும் பல மாலைகள் வேண்டும். கருவியில் கீழ்வகுப்புப் பாடங்களைத் திறக்கும் வழியைத் தேடிக் கண்டு, நான்காம் வகுப்பில் வைத்துக் கொடுத்தோம். “ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலாம் வகுப்பா?” என்று தந்தையின் முகம் வாடியது. அவருக்குத் தில்லிப் பிள்ளைகளின் கதையைச் சொன்னோம்.

பேருந்து நிறுத்தம் வரை வழியனுப்ப வந்தவர், “பெட்டிக்கணக்கு அவளுக்கு வரும் என்று எனக்கு முன்பே தெரியும். அதுவும் பள்ளிக்கணக்கும் ஒன்றுதான் என்று இன்றுதான் தெரிந்தது” என்றார். அவருக்கு இன்னும் ஆறு மாதத் தவணை பாக்கி இருக்கிறது. சங்கம் தன் முடிவை எடுக்கும்போது, நம் உறுப்பினர் இல்லங்களில் இத்தகைய தவணைகள் எத்தனை ஓடுகின்றன என்பதையும், அவற்றின் அருகே அமர ஆளில்லாத பிள்ளைகள் எத்தனைபேர் என்பதையும் முதலில் கணக்கெடுக்குமாறு வேண்டுகிறோம்.